விடியுமுன் பாடியவர்கள்

வென்றவரின் பெயரை வரலாறு பொறித்து வைக்கிறது. அவருக்கு முன்னே வழியமைத்தோர் பலர் பெயரின்றி மறைகின்றனர். கோயன் சகோதரர்கள் 2013இல் உருவாக்கிய 'இன்சைட் லூயின் டேவிஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படம், அவ்வாறு மறைந்தோருள் ஒருவனை நம் கண்முன் நிறுத்துகிறது.

1961ஆம் ஆண்டின் குளிர்காலம். நியூயார்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் நாட்டுப்புறப் பாடல் பாடும் லூயினுக்குத் தங்க வீடில்லை. தெரிந்தவர் வீட்டுச் சோபாவே படுக்கை. உடன் பாடிய நண்பன் தற்கொலை செய்துகொண்டான். சிகாகோ வரை சென்று பாடிக் காட்டியும், இதில் வருவாய்க்கு வழியில்லை என்ற விடையே கிடைக்கிறது. கப்பல் வேலைக்குத் திரும்ப முயல்கிறான், அதுவும் கைகூடவில்லை. இறுதியில் அவன் இருண்ட சந்தில் அடிபட்டுக் கிடக்க, உள்ளே மேடையில் வேறோர் இளைஞன் பாடுகிறான். அவ்விளைஞனே, 2016இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற பாப் டிலன். லூயின் கற்பனைப் பாத்திரம். எனினும் டேவ் வான் ராங்க் (1936–2002) என்னும் உண்மைப் பாடகரின் நினைவுக் குறிப்புகள் அக்கதைக்கு உரமாயின.

அதே 1961இல் நம் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஏரியும் வயலுமாய் இருந்த ஊர்கள் ஆலைச் சங்கொலிக்கு விழிக்கலாயின. இவை தெருக்கூத்து செழித்த தொண்டை மண்டலத்து ஊர்கள். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் ஒலிக்க, இரவு தொடங்கி விடியும்வரை பாரதக் கதை நிகழும். கூத்தர் பலர் பகலில் உழவர், கூலியாள். இரவில் அருச்சுனர், துரியோதனர். காலையில் ஆலைவாயிலில் நிற்க வேண்டியவர் விடியும்வரை கூத்துப் பார்த்தல் இயலுமோ? எவரும் கூத்தைத் தடுக்கவில்லை. ஊரின் காலக்கணக்கு மாறிற்று. அவ்வாலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டன. நம்முள் பலர் அவ்வாறு குடியேறியோரின் மக்களே. ஆதலின் இக்கதையில் நமக்கும் பங்குண்டு.

புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் போன்ற சிலரை நகரம் அறிந்துகொண்டது, 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை அதற்குத் துணைநின்றது. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது. அவ்வாண்டே அருட்பணி ஜெகத் கஸ்பார் முன்னின்று நடத்திய சென்னை சங்கமம், கிராமியக் கலைஞரை நகரின் பூங்காக்களுக்கு அழைத்து வந்தது. இவை நன்றே. ஆயினும் விழாமேடையில் கால்மணி நேரம் ஆடிச் செல்வது வேறு. ஓர் ஊரே விழித்திருந்து கேட்பது வேறு.

மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு 1963இலேயே கூறியது. அம்மதிப்பு இசைக்கு மட்டுமோ, இசைப்பவனுக்கும் உண்டோ? திருவிழாவுக்குப் பறையடிக்க வருபவரிடம் கூலியைப் பேரம் பேசுகிறோம், தேருக்கு முன்னே நடக்கச் செய்கிறோம், பெயர் கேட்பதில்லை. இவ்வாண்டேனும், தேர் நிலைக்கு வந்தபின் அவர் எங்கே அமர்ந்து உண்கிறார் என்பதை நாம் சென்று பார்ப்போமாக.