மதிப்பெண் யாருடையது?

1926 ஜூன் 23 அன்று ஏறத்தாழ 8,000 அமெரிக்க மாணவர்கள் முதல் சாட் தேர்வை எழுதினர். அதன் மதிப்பெண் நெடுங்காலம் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் உரிய தகவலாகவே கருதப்பட்டது. 1950-களின் பிற்பகுதி வரை தேர்வெழுதியவருக்கே அது தெரிவிக்கப்படவில்லை.

பாடவாரித் தேர்வுகளில் எந்த மதிப்பெண்ணை அனுப்புவது என்று முடிவுசெய்யும் உரிமையை, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு 1993-இல் மாணவர்களுக்கு வழங்கியது. பலமுறை தேர்வெழுத வசதியுள்ளோருக்கே அது சாதகம் என்ற விமர்சனம் எழுந்தது. 2002-இல் அவ்வுரிமை கைவிடப்பட்டது. 2009-இல் சாட் தேர்வுக்கும் சேர்த்து மீண்டும் வந்தது. ஆயினும், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் எல்லா மதிப்பெண்களையும் அனுப்புமாறு கோரியது.

மறைக்கப்பட்டிருந்த மதிப்பெண் மாணவரின் உடைமையானது உண்மையே. ஆனால், ஒரே முறை தேர்வெழுதியவரிடம் தெரிவு செய்ய இருப்பது ஒரே மதிப்பெண்தான். வாய்ப்புகள் சமமாக இல்லாதவரை, தெரிவுரிமையும் சமமாக இராது.