குடவோலையும் குரூப் டிஸ்கஷனும்: உத்திரமேரூர் சுவரில் ஒரு இங்கிலீஷ் கிளாஸ்

கேம்பஸ் பிளேஸ்மென்ட்ல உட்கார்ந்த எல்லாருக்கும் குரூப் டிஸ்கஷன்னா என்னன்னு தெரியும். எட்டுப் பேர், ஒரு வட்டம், ஒரு தலைப்பு. இடஒதுக்கீடு, வரதட்சணை, சோஷியல் மீடியா, ஏதோ ஒண்ணு. அந்த எட்டுப் பேர்ல ரெண்டு மூணு பேர் இலக்கணத்துல தப்பே பண்ண மாட்டாங்க. ஆனா வாயையும் திறக்க மாட்டாங்க. திறந்தாலும், எங்கேயோ மனப்பாடம் பண்ணின நாலு வரி வரும். அவ்வளவுதான்.

இவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்ல முடியாது. படிப்பாங்க, படம் பார்ப்பாங்க, மெயில் எழுதுவாங்க. ஆனா ஒரு சமூகப் பிரச்சினையில ஒரு பக்கம் நின்னு, காரணம் சொல்லி, எதிர்ல இருக்கிறவருக்குப் பதில் சொல்றதுன்னா தடுமாற்றம். இந்த நிலையில இருக்கிறவங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது? இந்தக் கேள்வியோட வரலாறு நம்ம மெட்ராஸ் வழியாத்தான் போகுது. அதுக்கு ஒரு நல்ல பாடப்புத்தகம் காஞ்சிபுரம் மாவட்டத்துல, உத்திரமேரூர்ல, ஆயிரம் வருஷத்துக்கு மேலா சுவர்லயே இருக்கு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல மெட்ராஸ்.

1950-கள்ல இருந்து இங்கே பள்ளிக்கூடங்கள்ல இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த முறைக்கு ஸ்ட்ரக்சுரல் முறைன்னு பேர். ஒரு வாக்கிய அமைப்பை எடுத்து, ஆசிரியர் சொல்ல, பிள்ளைங்க திருப்பிச் சொல்ல, அது நாக்குல பழகின பிறகு அடுத்த அமைப்புக்குப் போறது. படிக்கட்டு மாதிரி. பாடத்திட்டம் ஒழுங்கா இருந்துச்சு. ஆனா பல வருஷம் படிச்ச பிறகும் பிள்ளைங்க வகுப்புக்கு வெளியே அந்த மொழியைப் பயன்படுத்த முடியாம நின்னாங்க.

அப்போ மெட்ராஸ்ல பிரிட்டிஷ் கவுன்சில்ல வேலை பார்த்தவர் என்.எஸ். பிரபு. பெங்களூர்ல இருந்த தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தோட சேர்ந்து 1979-ல ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். பெங்களூர், மெட்ராஸ், கடலூர்னு சில சாதாரணப் பள்ளிக்கூடங்கள்ல 1984 வரைக்கும் நடந்துச்சு. உலக அளவுல இதை 'பெங்களூர் ப்ராஜெக்ட்'னு சொல்றாங்க. மெட்ராஸ் பேர் எப்படியோ விடுபட்டுப் போச்சு!

பிரபுவோட யோசனை எளிமையானது. மனசு அர்த்தத்துல மூழ்கி இருக்கும்போதுதான் மொழி உள்ளே இறங்கும். அதனால இலக்கணப் பாடம் கிடையாது, திருப்பிச் சொல்ற பயிற்சி கிடையாது. பதிலா ஒரு வேலை. ரயில் நேர அட்டவணையைக் கொடுத்து, இந்த ஊருக்கு இத்தனை மணிக்குள்ள போகணும்னா எந்த வண்டியில ஏறணும்னு கேட்கிறது. ஒரு வரைபடத்தைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொல்றது. முதல்ல ஆசிரியர் முழு வகுப்போட சேர்ந்து கேள்வி பதிலா அதே மாதிரி ஒரு வேலையைச் செஞ்சு காட்டுவார். அப்புறம் ஒவ்வொருத்தரும் தானா செய்யணும். வகுப்புல பாதிப் பேராவது, வேலையில பாதியாவது சரியாச் செய்ய முடிஞ்சா, அந்த வேலையோட கடினம் சரியான அளவுல இருக்குன்னு வெச்சுக்கிட்டாங்க.

1985-ல ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் இதை மதிப்பீடு பண்ணி எழுதினாங்க. வாக்கிய அமைப்பைச் சோதிக்கிற தேர்வுல பழைய முறையில படிச்ச பிள்ளைங்க மேல. மொழியைப் பயன்படுத்திக் காட்ட வேண்டிய தேர்வுகள்ல ப்ராஜெக்ட் பிள்ளைங்க மேல. 1987-ல பிரபு தன் அனுபவத்தைப் புத்தகமா எழுதினார்.

இங்கேதான் நமக்கு வேண்டிய விஷயம் வருது. வகுப்புல செய்யக்கூடிய வேலைகளை பிரபு மூணா பிரிச்சார். முதலாவது இன்ஃபர்மேஷன் கேப்: ஒருத்தர்கிட்ட இருக்கிற தகவலை இன்னொருத்தருக்குக் கொண்டு போறது. ரெண்டாவது ரீசனிங் கேப்: கையில இருக்கிற தகவல்ல இருந்து யோசிச்சு புதுசா ஒரு முடிவுக்கு வர்றது. மூணாவது ஒப்பீனியன் கேப்: தன்னோட விருப்பத்தை, கருத்தைச் சொல்றது. இந்த மூணாவதுக்கு அவர் கொடுத்த உதாரணங்கள்ல ஒண்ணு என்ன தெரியுமா? ஒரு சமூகப் பிரச்சினையைப் பத்தின கலந்துரையாடல்!

ஆனா பிரபு தன் வகுப்புகள்ல அதிகம் நம்பினது ரெண்டாவதைத்தான். காரணம், கருத்துன்னா சரி, தப்புன்னு ஒரு விடை கிடையாது. காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி ஒரு பயம் வரும். பயம் வந்தா பிள்ளைங்க ரெடிமேட் வரிகளைப் பிடிச்சுக்குவாங்க. ரீசனிங் வேலையில அப்படி இல்லை. என் முடிவு சரியான்னு கேள்வியில இருக்கிற தகவலை வெச்சே சோதிச்சுக்கலாம். கருத்து சொல்ற வேலை மொழியில கொஞ்சம் முன்னேறினவங்களுக்குப் பொருந்தும்ங்கிறது அவர் நிலைப்பாடு.

சரி, நம்ம குரூப் டிஸ்கஷன் ஆட்கள் முன்னேறினவங்கதானே, அப்புறம் ஏன் பயம்? ஏன்னா நம்ம ஊர்ல கருத்து சொல்றதுக்கு மொழி மட்டும் போதாது. ஒரு கிராமத்து வகுப்புல 'சாதியைப் பத்தி உங்க கருத்து என்ன?'ன்னு எடுத்த எடுப்புல கேட்டா என்ன ஆகும்? பக்கத்து பெஞ்சுல இருக்கிறவன் எந்தத் தெருன்னு எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே பஸ்ல ஊருக்குத் திரும்பணும். பொண்ணுங்க வாய் திறந்தா அந்தப் பேச்சு அவங்களுக்கு முன்னாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திடும். அங்கே மௌனம்ங்கிறது இங்கிலீஷ் குறைபாடு இல்லை, ஒரு கணக்கு.

அப்போ என்ன வழி? முதல்ல யோசனை, அப்புறம் கருத்து. அதுக்குத்தான் உத்திரமேரூர் போறோம்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ரெண்டு, 919-லயும் 921-லயும் வெட்டினது. குடவோலைத் தேர்தல்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். 2020 டிசம்பர்ல புது நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமரும் இதைக் குறிப்பிட்டார். 'உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்த ஊர்'னு வாட்ஸ்அப்ல வருஷா வருஷம் சுத்துது. ஆனா கல்வெட்டுல என்ன இருக்குன்னு பொறுமையா வாசிச்சா, அது ஒரு அருமையான புதிர்.

ஊரை 30 குடும்புகளாப் பிரிச்சாங்க. இப்போ வார்டுன்னு சொல்றோமே, அது மாதிரி. ஒருத்தர் பேரைக் குடத்துல போடணும்னா அவருக்கு வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். ஒரு வேலி சுமார் ஆறரை ஏக்கர், அப்போ ஒன்றரை ஏக்கர் சொச்சம். சொந்த மனையில வீடு இருக்கணும். வேதப் படிப்பு வேணும். வயசு 35-க்கு மேல, 70-க்குக் கீழ. போன மூணு வருஷத்துல வாரியத்துல இருந்திருக்கக் கூடாது. முன்னாடி வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவரும், அவரோட சொந்தக்காரங்களும் நிக்க முடியாது.

அப்புறம் தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி, குடும்பு வாரியாக் கட்டி, குடத்துல போட்டு, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. எடுத்த ஓலையை அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கி, சபை கேட்கச் சத்தமா வாசிக்கணும். இப்படி வந்தவங்கள்ல இருந்து ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள்.

இதை ஒரு இங்கிலீஷ் வகுப்புல வெச்சுப் பாருங்க. மூணு பேரைக் கற்பனை பண்ணுவோம். முதல் ஆளுக்கு வயசு 34, அரை வேலி நிலம், மத்த தகுதி எல்லாம் இருக்கு. ரெண்டாவது ஆளுக்கு வயசு 50, ஆனா நிலம் அரைக்கால் வேலிதான். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் நல்லாத் தெரியும். மூணாவது ஆளுக்கு எல்லாம் சரி, ஆனா தாய்மாமன் போன தடவை கணக்கு காட்டல. யார் பேர் குடத்துக்குள்ள போகும்?

முதல் ஆள் 921 விதிப்படி முடியாது. ஆனா 919 விதிப்படி முடியும், ஏன்னா அப்போ வயசு வரம்பு 30 முதல் 60. ரெண்டாவது ஆள் முடியும், படிப்புக்காக நில அளவுல சலுகை உண்டு. மூணாவது ஆள் முடியாது. இதை இங்கிலீஷ்ல விளக்கும்போது 'அன்லெஸ்', 'ப்ரொவைடட் தட்', 'ஈவன் இஃப்' எல்லாம் தானா வந்தே ஆகணும். யாரும் இலக்கணம் நடத்தல. யாரும் தன் சாதியையும் வீட்டையும் மேசை மேல வைக்கல. ஆனா எல்லாரும் வாதாடுறாங்க.

இன்னொரு சுவையான இடம். கணக்கு காட்டாதவரோட சொந்தக்காரங்க பட்டியல்ல சித்தி பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன், மைத்துனன், மாமனார், மருமகன்னு வரிசையா வருது. இதை இங்கிலீஷ்ல சொல்லப் போனா 'கசின்', 'அங்கிள்'னு ரெண்டு சொல்லுல பாதி உறவு காணாமப் போகுது. யாரைத் தடுக்கிறோம்னு துல்லியமாச் சொல்ல வாக்கியத்தை நீட்டித்தான் ஆகணும். மேல்நிலை மாணவருக்கு வேண்டிய பயிற்சியே அதுதான்.

இப்போ ரெண்டாவது கட்டம். 'இது ஜனநாயகமா?'

இங்கே கருத்து வரலாம், ஏன்னா காலுக்குக் கீழே தரை இருக்கு. கணக்கு காட்டாதவனுக்கு இடமில்லைன்னு சொன்னது இன்னைக்கும் பெரிய விஷயம்னு ஒருத்தர் சொல்வார். இது பிராமணர்களோட சதுர்வேதிமங்கலத்துச் சபை, பெண்களும் நிலம் இல்லாதவங்களும் அந்த ஏரியில தண்ணி பாய்ச்சி உழைச்சவங்களும் குடத்துக்கு வெளியேதான்னு இன்னொருத்தர் சொல்வார். ரெண்டுக்கும் சான்று ஒரே சுவர்ல இருக்கு.

அங்கே இருந்து இன்னைக்கு வர ஒரு எட்டு போதும். 1993-ல 73-ஆவது திருத்தம் அமலுக்கு வந்துச்சு, பஞ்சாயத்துல பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இடம் உறுதியாச்சு. ஆனா மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி மாதிரி ஊர்கள்ல தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்குன்னு ஆன பிறகு 2006 வரைக்கும் ஒரு தலைவர் முறையா பதவியில நிலைக்க முடியல. 921-ல வெளியே நின்னது யாரு, 1996-ல உள்ளே விடாதது யாரு? இதைப் பேச ஆரம்பிச்ச வகுப்புல யாருக்கும் மனப்பாட வரி ஞாபகம் வராது.

கடைசியா ஒண்ணு. அரைக்கால் வேலிக்காரருக்குக் கிடைச்ச அந்தச் சலுகையை மறுபடி பாருங்க. சொத்து குறைஞ்சாலும், உயர்ந்ததா மதிக்கப்பட்ட ஒரு மொழிப் படிப்பு இருந்தா சபையில இடம். இன்னைக்கு அந்த இடத்துல எந்த மொழி இருக்கு? உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரகடத்துக்கோ சென்னைக்கோ இன்டர்வியூ போற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியும். ஒரு வித்தியாசம் இருக்கு. வேதம் படிக்க அன்னைக்கு எல்லாருக்கும் அனுமதி இல்லை. இங்கிலீஷுக்கு அனுமதி இருக்கு, நல்ல வகுப்புதான் எல்லாருக்கும் கிடைக்கல. அந்த வகுப்புக்கு ஏசி ரூம், விலையுயர்ந்த ஆப் எல்லாம் வேண்டியதில்லை. யோசிக்க ஒரு நல்ல கேள்வியும், பேசினா ஆபத்து வராதுங்கிற நம்பிக்கையும் இருந்தா தொடங்கிடலாம்.

காஞ்சிபுரத்துல இருந்து உத்திரமேரூருக்கு பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல போயிடலாம். நாலு நண்பர்களோட போங்க, அந்தச் சுவருக்கு முன்னாடி நில்லுங்க, அந்த மூணு பேர் புதிரைப் போட்டுப் பாருங்க. யார் பேர் குடத்துக்குள்ள போகணும்னு நீங்களே விதி எழுதினா என்ன எழுதுவீங்க? இங்கிலீஷ்ல சொல்லுங்க, தமிழ்லயும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.