விலைக்கு வந்த வீரம்

அனுமந்தை உப்பளத்திலே உப்பை வாருவது மரப்பலகையால். உப்பிலே இரும்பு துருவேறும் என்பதைப் பாத்தியில் நிற்பவன் அறிவான். பட்டம் பெற்றவன் வந்து அவனுக்குப் பாடம் புகட்டவேண்டியதில்லை. கருவியின் குணம் கையாள்பவனுக்குத் தெரியும்!

இந்த எளிய உண்மையை ஏற்கும் மனம் விக்டோரியா காலத்துக் குதிரைப்படை அதிகாரி ஒருவனுக்கு இருந்தது. லூயி நோலன் அவன் பெயர். 1818-இல் பிறந்தவன், ஆஸ்திரியப் படையில் பயின்று, 1839-இல் ஆங்கிலேயரின் 15-ஆம் ஹுசார் படையில் சேர்ந்து, பெங்களூர்ப் பாளையத்தில் பணியாற்றியவன்.

ஐதராபாத் நிசாமின் குதிரைவீரர் வாள்வீச்சு உண்டாக்கிய காயங்கள் அவனைத் திகைக்கவைத்தன. வியத்தகு வாள்களோ அவை? இல்லை, ஆங்கிலப் படை கழித்துப்போட்ட பழைய வாள்கள்! நம்மவர் அவற்றைத் தீட்டி, மர உறையிலிட்டு வைத்தனர், வெட்டுவதற்கன்றி உருவுவதில்லை. ஆங்கிலேயன் வாளோ இரும்பு உறையில் உராய்ந்து, அணிவகுப்புதோறும் உருவப்பட்டு, மழுங்கிக் கிடந்தது. கறுப்பனிடம் கற்பதா என்று நோலன் கூசவில்லை. 1853-இல் வெளிவந்த தன் நூலில் இதை எழுதியும் வைத்தான்.

ஆனால் அறிவுக்கா அங்கே பதவி? குதிரைப்படையில் கடைநிலை அதிகாரியாகவே 840 பவுன் கட்டவேண்டும், காப்டனாக 3,225. நோலனும் பணங்கட்டி நுழைந்தவனே. கார்டிகன் பிரபுவோ படைத்தலைமையையே விலைக்கு வாங்கினார். இங்கே பிறப்பு, அங்கே பிறப்போடு பணப்பை! சென்னைப் படையின் தமிழ்க் குதிரைவீரன் தலை நரைத்துச் சுபேதாரானாலும், நேற்று வந்த வெள்ளை இளைஞனுக்குச் சலாம் போட்டே தீரவேண்டும்.

1854 அக்டோபர் 25, கிரிமியாவில் பாலக்ளாவா. குன்றின்மேல் நின்ற ராக்லன் பிரபு கட்டளையிட, அதைத் தூக்கிச்சென்றவன் நோலன். பெற்றுக்கொண்டவர் லூகன் பிரபு. நிறைவேற்றவேண்டியவர் அவருடைய மைத்துனர் கார்டிகன். இருவருக்கும் ஆகாது! எந்தப் பீரங்கிகள் என்று லூகன் கேட்க, நோலன் கைநீட்டிக் காட்டினானாம். எதைக் காட்டினான் என்பதில் இன்றும் வழக்கு ஓயவில்லை. குழம்பிய கட்டளையும் குமைந்த பகையும் ஏறத்தாழ 670 பேரைப் பள்ளத்தாக்கினுள் செலுத்தின. முதலில் மாண்டவன் நோலன். குண்டுச் சிதறல் மார்பைப் பிளந்தது. ஏறத்தாழ 110 பேர் மடிந்தனர். கார்டிகன் பிரபு திரும்பிவந்து, தம் சொந்த உல்லாசப் படகில் உறங்கினார்.

பதவி விற்பனையை 1871-இல் ஒழித்தனர்; பிரபுக்கள் சபை குறுக்கே நிற்க, அரசியாரின் ஆணையால்தான் முடிந்தது. சாண்ட்ஹர்ஸ்ட் படைக்கல்லூரியின் கதவு இந்தியருக்குத் திறக்க, 1918 வரவேண்டியிருந்தது.