தூரம்

தூரம் (பெயர்ச்சொல்): 1. தொலைவு. 2. பேச்சு வழக்கில், மாதவிடாய்.

‘தூர’ என்ற வடசொல்லின் வழி வந்தது. வீட்டுப் புழக்கத்திலிருந்து மூன்று நாள் எட்டி இருப்பதே நிலையின் பெயராகி, “வீட்டுக்குத் தூரம்”, “தூரமாயிட்டா” என வழங்குகிறது. ‘வீட்டு விலக்கு’, ‘ஒதுங்கியிருத்தல்’ ஆகியவையும் இவ்வகையே. உடலில் நிகழ்வதைச் சொல்லாமல், இருக்க வேண்டிய இடத்தைச் சொல்பவை. ‘தீட்டு’ தீண்டலிலிருந்து பிறந்தது.

வழக்கம் சொல்லைவிடப் பழையது. விலக்கான பெண்கள் கலம் தொடாமல் முருகன் கோயிலில் ஒதுங்கி நிற்பதைப் புறநானூற்றின் 299ஆம் பாட்டு உவமையாக்குகிறது. தொல்காப்பியக் கற்பியலில் ‘பூப்பு’ மாதந்தோறும் வருவதைக் குறித்தது. இன்றோ ‘பூப்பெய்தினாள்’ என்றால் முதல் முறை மட்டும்தான்.

முதல் தூரத்துக்கு ஊரில் வேறு சொற்கள்: ஆளானாள், சமைஞ்சா, வயசுக்கு வந்துட்டா. தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டுவார். தனித் தட்டு, தனிப் பாய். நேற்றுவரை கூடப் பாண்டி ஆடிய சிநேகிதி வாசலோடு நின்று பேச வேண்டும். தொட்டால் அவளும் குளித்துத்தான் வீட்டுக்குள் போக முடியும். தீட்டுக் கழிந்து பெண் வீட்டுக்குள் வந்துவிடுவாள். ஆனால் பையன்களோடு ஆடிய விளையாட்டு பெரும்பாலும் அத்தோடு சரி. அந்தத் தூரத்துக்கு நாள் கணக்கு கிடையாது.

இன்று நகரத்துப் பெண்கள் ‘பீரியட்ஸ்’ என்கிறார்கள். சொல் மாறிய வீடுகள் பலவற்றிலும் பூஜை அறைக்கு மட்டும் இன்னும் ‘தூரம்’ உண்டு.