உறைமண்ணில் கழிவுநீர்: அலாஸ்கா பழங்குடிக் கிராமங்களின் துப்புரவு வரலாறு

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், சாலைத் தொடர்பின்றிச் சில நூறு பேரே வாழும் பழங்குடிக் கிராமங்களின் கழிவுநீர் ஏற்பாடுகள் 1950கள் தொட்டுக் கண்ட மாற்றங்களை ஆராயும்போது, தொழில்நுட்பக் குறையைவிட, அமைப்பை இயக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியே அவற்றின் போக்கைத் தீர்மானித்தது புலப்படும்.

அலாஸ்கா மக்களின் உடல்நலம் குறித்து தாமஸ் பாரன் தலைமையிலான குழு 1954இல் அளித்த அறிக்கை, பழங்குடியினரிடையே காசநோய் பரவியிருந்த கொடுமையை வெளிப்படுத்தியது. பழங்குடிக் குடியிருப்புகளுக்குக் குடிநீர், கழிவுநீர் வசதிகளை அமைத்துத் தரும் அதிகாரத்தை 1959ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சிப் பொதுச் சுகாதாரத் துறைக்கு வழங்கியது. எனினும் கட்டி முடித்தவற்றைக் கிராமத்தாரிடம் ஒப்படைத்ததும் எரிபொருள், பழுதுபார்ப்பு, அமைப்பை இயக்குபவரின் சம்பளம் ஆகியவை பெரும்பாலும் அவர்கள் தலையிலேயே விழுந்தன. 1970இல் மாநில அரசும் கிராமப் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தை இயற்றியது. தொடர்ந்து வெயின்ரைட், எம்மோனக் ஆகிய ஊர்களில், குளியல், துணி துவைத்தல், நீர்ச் சுத்திகரிப்பு ஆகிய அனைத்தும் ஒரே கட்டடத்தில் நடைபெறும் பொது நிலையங்கள் மாதிரித் திட்டங்களாக அமைந்தன.

வீடுதோறும் குழாய் பதிப்பதற்கு மண்ணே தடையாக இருந்தது. ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிரந்தர உறைமண்ணில் குழாயைப் புதைத்தால், அதன் வெப்பத்தால் மண்ணிலுள்ள பனி உருகித் தரை அமிழும் என்பதால், வெப்பக்காப்பு உறையிட்ட குழாய்கள் தரைக்கு மேலே தூண்களில் கொண்டு செல்லப்பட்டன. சரிவில்லாத சமவெளியிலுள்ள நூர்விக் போன்ற ஊர்களில், காற்றழுத்த வேறுபாட்டால் கழிவை இழுக்கும் வெற்றிடக் கழிவுநீர் முறை பயன்பட்டது. இறுதிச் சுத்திகரிப்பைப் பெரும்பாலும் திறந்த கழிவுநீர்க் குட்டைகளே செய்கின்றன: குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைய, நுண்ணுயிர்ச் செயல்பாடு ஏறக்குறைய நின்றுபோய்க் குட்டை வெறும் தேக்கமாகிவிடும், நீண்ட பகலுடைய கோடையில் பாசிகள் ஆக்சிஜனை வெளியிட, பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைத்த பிறகே நீர் வெளியேற்றப்படும். வெப்ப நாடுகளில் சில வாரங்களில் முடியும் வேலைக்கு இங்கே ஓராண்டுச் சுழற்சி தேவைப்படுகிறது.

குழாய் எட்டாத வீடுகளில், பிளாஸ்டிக் பையிட்ட வாளியே கழிப்பறை. சுமந்து வரும் நீரே குடிக்கவும் கழுவவும். நீர் குறைந்தால் முதலில் குறைவது கைகழுவுதல்தான். வீட்டுக் குழாய் வசதி குறைந்த வட்டாரங்களில் நிமோனியா, இன்ஃபுளுவென்சா ஆகியவற்றுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் விகிதம் ஏறத்தாழ 2.5 மடங்கு மிகுதி என்று 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நீரின் தூய்மையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டிருந்த பழைய அணுகுமுறை, நீரின் அளவையும் கணக்கில் கொள்ள வேண்டியதாயிற்று. இதன் தாக்கத்தை, கழுவிய நீரை வீட்டுக்குள்ளேயே சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் கருவிகளைத் தேடி மாநில அரசு 2013இல் தொடங்கிய திட்டத்தில் காணலாம். கடலரிப்பால் இடம்பெயர வேண்டிய கிவலினாவில், புதிதாகக் குழாய் பதிப்பது பயனற்றது என்பதால், சிறுநீரைத் தனியே பிரிக்கும், இடம் மாற்றக்கூடிய கழிப்பறை அமைப்புகள் சோதிக்கப்பட்டன.

2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் பழங்குடித் துப்புரவு வசதிகளுக்கு 350 கோடி டாலர் ஒதுக்கியது; இதில் 220 கோடி வரை, வீட்டுக்கான செலவு வரம்பைத் தாண்டியதால் முன்னர் தள்ளிவைக்கப்பட்ட திட்டங்களுக்கும் செலவிடலாம். கட்டுமானத்துக்கான தடை இவ்வாறு தளர்ந்தாலும், விமானத்திலும் படகிலும் வந்துசேரும் எரிபொருளுக்கான கட்டணம் இன்னும் கிராமத்தாரின் மாதக் கணக்கிலேயே நிற்கிறது.