தேர்தல் வாக்குறுதிகளின் நிதிக்கணக்கும் நீதிமன்றமும்

வாக்காளர் முன் வைக்கப்படும் திட்டத்துக்கு எவ்வளவு பணம் பிடிக்கும், அது எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமா என்பது குறித்த சட்ட வரலாறு. அமெரிக்காவின் சில மாநிலங்களில் மக்களின் நேரடி வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானங்களோடு நிதித்தாக்கக் குறிப்பும் இடம்பெறும். அதன் வாசகம் நியாயமானதா என்ற வழக்குகளும் அங்கே நடக்கின்றன. இந்தியாவில் சட்டங்களை வாக்கெடுப்புக்கு விடும் முறை கிடையாது. காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவோடு இணைவது குறித்து 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தவர்களும் 178 பிரதிநிதிகளே (ஆதரவு 170, எதிர்ப்பு 8). அதை மக்கள் வாக்கெடுப்பாகக் கொள்ளலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே இங்கு இப்பொருள் தேர்தல் அறிக்கையைச் சுற்றியே வளர்ந்தது.

வண்ணத் தொலைக்காட்சி வழக்கு. 2006 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சி தருவதாக அறிவித்தது. வென்றபின் முதற்கட்டமாக 750 கோடி ரூபாய் ஒதுக்கியது. இதை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி தொடர்ந்த வழக்கை 2007-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே அடுத்த தேர்தல் வந்துவிட்டது. 2011-இல் தி.மு.க. மிக்சி அல்லது கிரைண்டர் என்றது, அ.தி.மு.க. இரண்டையும் தந்து மின்விசிறியும் சேர்ப்பதாகச் சொன்னது. அந்த 'அல்லது'வின் விலை எத்தனை கோடி என்று எந்த அறிக்கையும் சொல்லவில்லை. பாலாஜி இதையும் எதிர்த்தார்.

2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ப. சதாசிவம், ரஞ்சன் கோகோய் தீர்ப்பளித்தனர். தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவுப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது. செலவுக்கு முன்பே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தலையிட வேண்டும் என்ற கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. பணம் செலவான பிறகுதான் தணிக்கை என்றது நீதிமன்றம். ஆனால் இலவசங்கள் தேர்தலின் சமநிலையைக் குலைக்கின்றன என்று கருதி, கட்சிகளைக் கலந்து நெறிமுறை வகுக்கத் தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. நிதித்தேவையைச் சமாளிக்கும் வழியை அறிக்கை பொதுவாகவேனும் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2014-இல் நடத்தை நெறிகளில் சேர்ந்தது. அந்தப் 'பொதுவாக' என்ற சொல்லுக்குள் எதையும் அடக்கிவிடலாம். 2016 தேர்தலில் இரு பெரிய கழகங்களிடமும் ஆணையம் விளக்கம் கேட்டது.

பிந்தைய நிலை. 2022 ஆகஸ்ட் 26 அன்று, பாலாஜி தீர்ப்பை மறு ஆய்வு செய்வது குறித்து முடிவெடுக்க, தலைமை நீதிபதி என்.வி. ரமணா அமர்வு விஷயத்தை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. அதே ஆண்டு அக்டோபரில் பயனாளிகள், செலவு, நிதி ஆதாரம் ஆகியவற்றைக் கட்சிகள் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றை ஆணையம் முன்மொழிந்தது, தி.மு.க. உள்ளிட்ட கட்சிகள் எதிர்த்தன.

புதுச்சேரி, காரைக்கால். கருக்களாச்சேரி போன்ற மீனவ ஊர்களில் இலவசங்கள் பற்றிய கேள்வி ரேஷன் கடை வாசலில்தான் எழுந்தது. இலவச அரிசியா, வங்கிக் கணக்கில் பணமா என்று அப்போதைய முதல்வர் நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் மோதல் முற்றியது. பணமே என்ற மத்திய அரசின் முடிவை எதிர்த்த முதல்வரின் மனுவை 2020-இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பணமாக வழங்கும் முறையால் மூடிக்கிடந்த ரேஷன் கடைகள் 2024 தீபாவளியை ஒட்டித் திறந்தன: கார்டுக்கு 10 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை.