நூறு கலம் நெல்லும் நூற்றுப்பத்துக் காசும்: தஞ்சைத் தளிச்சேரிக் கல்வெட்டு குறித்து ஒரு மறுவாசிப்பு

தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டை அறியாத ஆய்வாளர் இல்லை. தளிச்சேரி எனப்பட்ட கோயில் குடியிருப்பில் நானூறு பெண்கள், ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல் என்பது பலமுறை எடுத்தாளப்பட்ட செய்தி. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66ஆம் எண்ணாக அதைப் பதிப்பித்த ஹுல்ச், இப்பெண்களை ஆடல்மகளிர் என்று குறித்தார். அந்தப் பார்வையே நெடுங்காலம் நிலைத்தது. அதை முறையாக அசைத்தவர் லெஸ்லி ஓர். 2000இல் வெளிவந்த அவரது நூலோடுதான் இக்கட்டுரை முரண்படுகிறது. எதிர்வாதம் செய்யத் தக்க வலிமை உள்ள நூல் என்பதால் அவர் வாதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சோழர் காலக் கோயிற்பெண்களைப் பிற்காலத் தேவதாசிகளின் முன்னோடிகளாகக் காண்பது தவறு என்கிறார் ஓர். கல்வெட்டுகளில் அவர்கள் ஆடுபவர்களாகவும் பாடுபவர்களாகவும் தென்படுவது குறைவு. விளக்குக்கும் அமுதுபடிக்கும் பொன்னும் நிலமும் கொடுத்தவர்களாகவே மிகுதியும் தென்படுகிறார்கள். கோயிலில் அவர்களுக்குக் கிடைத்த இடமும் மதிப்பும் பெரும்பாலும் அக்கொடையின் வழி வந்தவை. தஞ்சைப் பட்டியலோ பேரரசன் ஒருவனின் தனித்த ஏற்பாடு. அதை வைத்துப் பொதுமுடிவுக்கு வரலாகாது. இதுவே அவர் வாதத்தின் சாரம். முதல் இரண்டு கூற்றுகளும் எனக்கு முழு உடன்பாடு. தஞ்சையை விதிவிலக்கென ஒதுக்குவதில்தான் உடன்பட இயலவில்லை. அப்படி ஒதுக்கும்போது கொடுத்தவள் வரலாற்றில் நிற்கிறாள், உழைத்தவள் வெளியேறிவிடுகிறாள்.

கல்வெட்டுக்கே வருவோம். பட்டியல் தெற்குத் தளிச்சேரியின் தெற்குச் சிறகில், தலைவீட்டில் தொடங்குகிறது. அங்கே இருப்பவள் திருவையாற்று ஓலோகமாதேவி ஈச்சரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. அடுத்தடுத்த வீடுகளில் இரணமுகராமி, உதாரி, பட்டாலி, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி, ஏகவீரி, இராஜகேசரி. தேசிச்சி என ஒருத்தி இருக்க, பெரிய தேசிச்சி என இன்னொருத்தியும் இருக்கிறாள். ஒருத்தியின் பங்கு மற்றவளுக்குப் போய்விடக் கூடாது என்ற கணக்கனின் கவனம் அதில் தெரிகிறது. ஒரு பெண்ணை அடையாளம் காட்ட இக்கல்வெட்டு கையாள்பவை நான்கு: சேரி, வீடு, புறப்பட்டு வந்த தளி, பெயர். தந்தையும் கணவனும் அதில் இடம்பெறவில்லை. உழைக்கும் பெண்ணை அவளது பணியிடத்தையும் இருப்பிடத்தையும் கொண்டே அறிந்த ஆவணம் இது.

அவ்வடையாளம் அவர்கள் தாமே தேடிக்கொண்டதும் அல்ல. சோழமண்டலத்துத் தளிச்சேரிகளிலிருந்து கொண்டுவந்து ஏற்றப்பட்டவர்கள் என்று கல்வெட்டே சொல்கிறது. திருவையாறும் திருவாரூரும் பழையாறையும் நாகப்பட்டினமும் அவர்கள் விட்டுவந்த ஊர்களில் சில. வர விரும்பினார்களா என்று கேட்கப்பட்டதற்கான சுவடு அதில் இல்லை. எப்போது கொண்டுவரப்பட்டார்கள் என்பதும் தெளிவில்லை. விமானத்தின் செப்புக் குடத்தை, கோயிலை எழுப்பிய முதலாம் இராசராசன் கொடுத்தது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது 1010. இப்பட்டியலின் நிவந்தமோ 29ஆம் ஆண்டு வரையிலானது என்ற அளவில் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் என்று கொள்ளலாம். ஓர் ஆண்டைச் சுட்டிச் சொல்லச் சான்று போதாது.

என் வாதத்தின் மையம் பட்டியலுக்கு முன் வரும் விதி. பங்கு பெற்றவர்களில் ஒருவர் இறந்தாலோ வேற்று நாட்டுக்குப் போய்விட்டாலோ அவருக்கு அடுத்த முறை உடையவர் அக்காணியைப் பெற்றுப் பணிசெய்ய வேண்டும்; அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ளவரை அமர்த்திச் செய்விக்க வேண்டும்; முறையுடையவர் எவரும் இல்லையெனில் அப்பணியைச் சேர்ந்தவர்களே தகுதியானவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும்.

இதில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, பங்கு இங்கே காணி, அதாவது வழிவழி உரிமை. பிடித்தபோது கொடுத்து வெறுத்தபோது பறிக்கும் படியளப்பு அன்று. இரண்டாவது, காணி உறவின் வழி வந்தாலும் பணிக்குத் தகுதி தேவை. மூன்றாவதே பெரிதும் கவனிக்கப்படாதது: இறந்தவரையும் வேற்று நாடு போனவரையும் கல்வெட்டு ஒரே தொடரில், ஒரே நிலையில் வைக்கிறது. போனவளைத் தேடிப் பிடிக்க ஆணையில்லை, தண்டமும் இல்லை. அவள் இடம் காலி, அவ்வளவுதான். நடைமுறையில் எத்தனை பேரால் போக முடிந்தது என்பது வேறு கேள்வி. ஆனால் போவது குற்றம் என இவ்விதியை எழுதியவர் கருதவில்லை.

இது தஞ்சைக்கு மட்டும் உரியதா? இங்கே சான்று மெலிகிறது. ஆகவே வாதத்தைத் தயக்கத்துடனே சொல்ல வேண்டியிருக்கிறது. நானூறு பேரைப் பல ஊர்த் தளிச்சேரிகளிலிருந்து திரட்ட முடிந்தது என்றால் அவ்வூர்களில் அச்சேரிகள் முன்பே இருந்தன. தஞ்சையில் புதிது திரட்டலின் அளவும் கல்லில் வெட்டிய விரிவுமே. பிற கோயில்களில் கொடை கல்லில் ஏறியது, ஏனென்றால் கொடுத்தவர் அதை நிலைநிறுத்த விரும்பினார். அன்றாடப் பணிக்கும் படிக்குமான கணக்கு ஓலையில் இருந்து ஓலையோடு போயிருக்க வேண்டும். கல்லில் கொடையாளிகளே மிகுதியாகத் தென்படுவது கல்லின் இயல்பையும் காட்டுகிறது. லெஸ்லி ஓர் இந்தச் சாய்வுக்குப் போதிய இடம் தரவில்லை என்பதே என் கருத்து. இது ஊகம்தான், ஆனால் தஞ்சையை விதிவிலக்கென்பதும் அதே அளவு ஊகம்.

பிற்காலச் சான்றுகள் வேறு திசையில் செல்கின்றன. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் காளத்திக் கல்வெட்டொன்று, கோயிலுக்குரிய தேவரடியார் சிலருக்கு அரண்மனை இலச்சினை தவறாகப் பொறிக்கப்பட்டதையும், பின்னர் அவர்களுக்குச் சூலக்குறி இடப்பட்டதையும் கூறுகிறது. கல்லில் பெயராக இருந்த அடையாளம் உடலில் சூடாக இறங்கிய இடம் அது. மூன்றாம் குலோத்துங்கனின் 23ஆம் ஆண்டுத் திருப்பாம்புரக் கல்வெட்டு 1200 அல்லது 1201ஐச் சார்ந்தது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சத்தில் ஒரு வேளாளரும் அவருடைய இரு மகள்களும் 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதை அது பதிகிறது.

தஞ்சை, திருப்பாம்புரம் ஆகிய இரு ஆவணங்களையும் நெல்லாலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், மரக்காலுக்கு எட்டு நாழி என்ற கணக்கில் நூறு கலம் 9,600 நாழி. நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய 26 நாழி. திருப்பாம்புரத்தின் 110 காசுக்கு அன்றைய விலையில் கிடைத்தது 330 நாழி. சேரமங்கையின் பங்கில் பதின்மூன்று நாளுக்கும் குறைவான நெல்லுக்கு மூன்று உயிர்கள் கைமாறின. தஞ்சையின் ஆடவல்லான் மரக்காலும் திருப்பாம்புரத்து அளவையும் ஒன்றா என்பது தீரவில்லை. பஞ்சகால விலையை வழக்கமான விலையோடு நேர்நிறுத்துவதும் சரியன்று. ஆயினும் அளவை எவ்வளவு வேறுபட்டாலும் இந்த இடைவெளி மூடாது.

தஞ்சையிலிருந்து திருப்பாம்புரத்துக்கு நேர்கோடு வரைய நான் முயலவில்லை. ஒன்று அரசனின் நிவந்தம், மற்றொன்று பசியால் எழுதிக்கொடுத்த அடிமைச் சீட்டு. தளிச்சேரிப் பெண்ணின் வழிவந்தவர்களே பின்னாளில் அடிமையானார்கள் எனவும் சொல்ல இயலாது. ஆனால் கோயிலைச் சார்ந்து வாழ்ந்த பெண்ணுக்குக் காணியும், அவள் நீங்கினால் என்ன செய்வதென்ற விதியும் உடைய ஒரு நிலை 11ஆம் நூற்றாண்டில் இருந்தது. அதைச் சொல்ல எஞ்சியிருக்கும் முழுமையான சான்று தஞ்சைப் பட்டியல். அதை ஒதுக்கிவிட்டால் சோழர் காலக் கோயிற்பெண்ணுக்கு இரண்டே வடிவங்கள் மிஞ்சும்: கொடுக்க வல்லவள், விற்கப்பட்டவள். உழைத்துப் பங்கு பெற்றவளுக்கு வரலாற்றில் இடம் வேண்டும் என்றால், இதுவரை பெயர்களுக்காகப் படிக்கப்பட்ட இக்கல்வெட்டை அதன் விதிகளுக்காகவும் படிக்க வேண்டும்.